வேண்டாமென்று சொன்ன படம்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மகள் மயூரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே அந்த மேட்டுநிலக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், சுகமாக இருப்பாய் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்குகிறேன். கடிதம் என்று கண்டதும் பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் உன்னுடைய குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் வெதரைப் பற்றிக் கேட்கிறேன், நீயும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதை நான் பிழை சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, பிசியோவுக்குப் போகிறா, ஆனால் அங்கே சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை வீட்டில் செய்கிறாவா என்று என்னைக் கேட்காதே. தம்பி ராகுலன் மில்லிக்கன் பக்கம் வீடு பார்த்துத் திரிகிறான், விலையைக் கேட்டுவிட்டு வந்து எங்கள் சோபாவில் பேசாமல் படுத்திருக்கிறான். கட்டடத்தில் ஒரு லிப்ட் திரும்பவும் பழுது, எல்லாரும் மற்றதுக்கு வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் நிற்பதுதான் எனக்கு இப்போது பெரிய பாடு, ஏனென்றால் நிற்கிற ஒவ்வொருவரும் அந்த வீடியோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இங்கே நடந்ததும் உனக்குப் பாதிதான் தெரியும். முழுவதையும் எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீ என்ன நினைக்கிறாயோ நினை.

நீ நகரத்தில் அந்த விளம்பர நிறுவன வேலையை விட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போனபோது நான் சந்தோசப்படவில்லை. மகள் அங்கே என்ன செய்கிறா என்று ஆராவது கேட்டால் கவர்ண்மென்ற் வேலை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். நவஹோ என்கிற பூர்வகுடிச் சனத்தின் ஊரில், அவர்களைத் தானே எடுத்த போட்டோக்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சுவரில் படம் ஒட்டுவது என்றால் தேர்தல் நோட்டீசும் கண்ணீர் அஞ்சலியும்தானே. இதை நீ தெரிந்துவைத்திருந்தாய் என்று அம்மா பிறகு சொன்னா. தெரிந்துகொண்டுதான் செப்ரெம்பரில் எங்களுக்கு ரிக்கற் அனுப்பி, வந்து பாருங்கோ என்று கூப்பிட்டிருக்கிறாய்.

விமான நிலையத்திலிருந்து உன்னுடைய ட்ரக்கில் வரும்போது, தெருவோரத்தில் மணிமாலை விற்கிற பலகைக் கொட்டில் ஒன்றில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு மனிசியின் இரண்டு கைகளைக் கண்டேன், சோளம் உதிர்க்கிற கைகள். நான் அதைச் சோள எண்ணெய் விளம்பரம் என்று நினைத்தேன். நீ வண்டியை நிற்பாட்டினாய். கொட்டிலுக்குள் இருந்த மனிசியின் கைகள்தான் சுவரில் இருந்தவை. அந்தப் படம் வந்த பிறகு வேகமாகப் போகிற கார்களும் நிற்கின்றன, நிற்கிறவர்கள் கைகளைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு ஒரு மாலையும் வாங்குகிறார்கள் என்று அவ சிரித்துக்கொண்டு சொன்னா. பிறகு தண்ணீர்த் தாங்கியில் ஒரு சிறுமி, உடைந்த கடைச் சுவரில் குதிரையோடு ஒரு கிழவர். நீ அடுப்பில் பெரிய பானை வைத்துக் கோதுமை மாவில் பசை காய்ச்சியதைப் பார்த்து அம்மா, "உதைத் தோசைக்கு வார்த்தால் நல்லா வரும்" என்று சொன்னது நினைவிருக்கா? அந்தப் பசையை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு நானும் உன்னோடு அலைந்தேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன் பிள்ளை.

ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போனாய். ஒரேயொரு சுவருக்கு எந்தப் படம் என்று முடிவெடுக்க அவ்வளவு சனம் வந்திருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவில்லை, பேசி முடித்த பிறகும் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் அடுத்தவர் தொடங்கினார். எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது, எங்கள் சங்கக் கூட்டமென்றால் இதற்குள் இரண்டு பேர் வெளிநடப்புச் செய்திருப்பார்கள். ஒரு பெடியன் தன்னுடைய படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னான். நீ அதை உடனே எடுத்துச் சுருட்டி அவனிடமே கொடுத்துவிட்டாய். நல்ல படமாச்சே, ஏன் கொடுத்தாய் என்று நான் வெளியே வந்து கேட்டேன். "அது அவன்ர முகம் அப்பா" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். விளங்கியது என்று நினைத்துத்தான் ஆட்டினேன்.

லோரீனை அங்கேதான் சந்தித்தோம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிசி, ஆட்டிறைச்சிச் சூப்பும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தா, என்னுடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்தா. உன்னை அந்த ஊரில் முதன்முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டவ அவதான் என்று நீ சொன்னாய். அவவின் தம்பியின் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, அந்தப் பெயரை இப்போதைக்குச் சொல்வதில்லை என்று அந்தக் குடும்பம் கேட்டிருக்கிறது. குழாய் வராத வீடுகளுக்குத் தாங்கியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சிரிக்கிற படம், மூடிக்கிடந்த பெற்றோல் ஸ்டேஷன் சுவரில் இரண்டு வருடமாக இருந்தது. ஊர்ச் சனம் ஒருவரையொருவர் சந்திப்பதென்றாலும் அந்தச் சுவரடியில் வந்து நில் என்று சொல்லுமாம். ஆவணியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். போனவரின் முகம் தெருவில் நிற்கக்கூடாது, படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்று குடும்பம் கேட்டது, ஒட்டிய நீயே எங்களோடு நின்று எடுத்துத் தா என்று லோரீன் உன்னைக் கேட்டா.

அந்தக் காலையில் எங்களையும் வரச்சொன்னது அவதான். "மயூரியின்ர அப்பா தண்ணி தூக்கட்டும்" என்று சொன்னா. ட்ரக்கிலிருந்து எல்லாரும் இறங்கியதும், இன்றைக்குக் கமரா வேண்டாம், போனும் வேண்டாம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னா. அது என்னுடைய காதில் விழுந்தது. பிறகு எல்லாம் வெளியே வந்தபோது, எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நீ அவவுக்குச் சொல்லிப் பார்த்தாயாம், அம்மா சொன்னா. என்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லியிருக்கிறாய். அது பொய் மயூரி, எனக்கு நல்லாக விளங்கியது.

சுவரை நனைத்து நனைத்துச் சுரண்டினீர்கள். முதலில் தோள் போனது, பிறகு குழாய், கடைசியாகத்தான் முகத்துக்கு வந்தீர்கள். நீ ஏணியில் நின்று, ஒவ்வொரு துண்டையும் கீழே விழவிடாமல் கையில் வாங்கி லோரீனிடம் கொடுத்தாய், அவ அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தா. ஒரு கட்டத்தில் லோரீன் நெற்றியை அந்த ஈரச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றா, நீ ஏணியிலிருந்து இறங்கி அவவின் முதுகில் கை வைத்தாய். அப்போதுதான் எனக்கு உன்னுடைய வேலை என்னவென்று விளங்கியது. ஒட்டுவது மட்டுமல்ல, எப்போது எடுப்பது என்று கேட்டு எடுப்பதும் உன்னுடைய வேலைதான். இவ்வளவு காலமும் ஊருக்கு மறைத்தேனே, இதையல்லவா காட்டியிருக்க வேண்டும் என்று மனம் பொங்கியது. நான் வாளியை வைத்துவிட்டு ட்ரக்குக்குப் பின்னால் போய் போனை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் வந்து தண்ணீர் தூக்கினேன். இதுதான் காரணம். காரணத்தைச் சொன்னால் செய்தது சின்னதாகிவிடும் என்ற நினைப்பில் இதை எழுதவில்லை, நீ கேட்காமல் விட்டதால் எழுதுகிறேன்.

இங்கே வந்த கையோடு கொம்யூனிட்டி சென்ரரில் விநாயகமூர்த்தி அண்ணை, "என்ன தியாகு, மகள் என்ன செய்யிறா அங்கை?" என்று கேட்டார். நான் காட்டினேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒரு மனிசி கண்ணைத் துடைத்தா, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சங்கத்தின் வட்ஸ்அப்பிலும் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப்பிலும் நானே என்னுடைய கையால் போட்டேன். மாமியின் மகன் அபிஷன் அதை எடுத்து, சோகப் பாட்டுப் போட்டு, இறந்தவரின் முகத்தைக் கிழித்தெறியும் மக்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி வெளியே விட்டிருக்கிறான். பிறகு நடந்தது நீ அறிந்ததுதான். லோரீனின் தங்கை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆரோ சிரித்துக்கொண்டு காட்டினார்களாம். நீ போன் எடுத்து, "உங்களிட்டைக் கேட்டவதானே அப்பா" என்று மட்டும் சொன்னாய். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் மார்க்கம் நகரத்தில் இருக்கிற மாமி வீட்டுக்கு பஸ் எடுத்துப் போனேன், ராகுலனைக் கேட்டால் ஏன் என்று கேட்பான் என்று கேட்கவில்லை. அபிஷன் தாய்க்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றான். "மாமா, நான் டிலீட் பண்ணுறன், but it's out there, மற்றாக்கள் எடுத்துப் போட்டிட்டினம், sorry மாமா" என்றான். அவனை ஏசத்தான் போனேன், வாயைத் திறந்ததும் அவனுக்கு அதைக் கொடுத்தது நான்தானே என்று வந்துவிட்டது. அவனை நீயும் ஏசாதே, கமரா வேண்டாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை நல்ல பிள்ளை, சனி ஞாயிறு முழுக்க என்னோடு இருந்து, போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதினான். சிலர் எடுத்தார்கள். சிலர் நீ ஆர் கேட்க என்று எழுதினார்கள். இன்னும் எங்கெங்கோ கிடக்கிறது.

அடுத்த புதன்கிழமை சங்கத்தில் எழும்பி நின்று சொன்னேன், அந்த வீடியோவை எடுக்க வேண்டாமென்று அந்தக் குடும்பம் சொன்னது, நான் களவாக எடுத்தேன், தயவுசெய்து எல்லாரும் அழித்துவிடுங்கோ என்று. விநாயகமூர்த்தி அண்ணை, "உது ஒரு பெரிய விசயமே தியாகு, இப்ப செத்தவீட்டையே நேரலையில காட்டுறாங்கள்" என்று தோளில் தட்டினார். இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்று சிரித்தார்கள், நான் வெட்கத்தில் நிற்கிறேன் என்று பார்த்து ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலில் எனக்கு உடம்பு கூசியது.

அப்போது ஜோசபீன் அக்கா பேசினா. ஒன்பதாம் மாடி, நத்தாருக்குக் கேக் கொண்டுவந்து தருவாவே, அவதான். "பெரிய விசயம்தான்" என்று சொன்னா. கதிரையிலிருந்து எழும்பவுமில்லை, சத்தமாகவும் சொல்லவில்லை. "என்ர மகன் கடைசிச் சண்டையில செத்தது உங்களுக்குத் தெரியும். அவன் கிடந்த கிடையை ஆரோ வீடியோ எடுத்தவங்கள், அது உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் எங்கட ஆக்களே அதை எடுத்துப் போடினம். நியாயம் கேக்கத்தான் போடினம், நான் அவையைப் பிழை சொல்லேல்லை. ஆனா பிள்ளை உடுப்பில்லாமல் கிடக்கிறான். ஒருத்தரும் எனக்குப் போன் எடுத்து, போடட்டோ அம்மா எண்டு கேட்டதில்லை." எத்தனை வருடம் அவவோடு ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறோம். நானும் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன் மயூரி, அனுப்பியும் இருக்கிறேன். அதற்குள் அவவின் பிள்ளை இருந்தானோ என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியவில்லை. விநாயகமூர்த்தி அண்ணைதான் முதலில் போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அழிக்கிறது எப்படி என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். போகும்போது ஜோசபீன் அக்கா என்னைப் பார்த்து, "எங்களுக்குச் சொல்லி என்ன, அந்த மனிசியோட நேர கதையுங்கோ" என்றா.

சூப்பின் செய்முறை கேட்பதற்கென்று அம்மா லோரீனின் நம்பரை வாங்கி வைத்திருந்தா. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு முன்பு எடுத்தால் அவ பஸ்ஸுக்குள் சும்மா இருப்பா என்று அம்மாதான் கணக்குப் பார்த்துத் தந்தா. என்ன சொல்வதென்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தேன், அவவின் குரல் கேட்டதும் எல்லாம் போய்விட்டது. நான் மயூரியின் அப்பா, நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது, விளங்கியும் எடுத்தேன் என்றேன். அவ சொன்னதை என்னுடைய தமிழில் எழுதுகிறேன். "நீங்கள் வாளியை வைச்சிட்டு ட்ரக்குக்குப் பின்னால போனதை நான் கண்டனான். அழப்போறியள் எண்டு நினைச்சன். ஒரு ஆம்பிளை தனிய அழட்டும் எண்டுதான் அந்தப் பக்கம் திரும்பாமல் நிண்டனான்" என்று சொன்னா.

பிள்ளை, எனக்கு அறுபத்தெட்டு வயது. அகதிக் காம்பில் நிலத்தில் படுத்திருக்கிறேன், பக்டரியில் என்னுடைய வயதில் பாதி உள்ளவனிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்குக் குறுகியது போல நான் எங்கேயும் குறுகவில்லை. மன்னியுங்கோ என்று சொன்னேன். மன்னித்தேன் என்று அவ சொல்லவில்லை. தனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போன் அடியுங்கோ, மனமிருந்தால் எடுப்பன், இல்லாவிட்டால் இல்லை என்றா. அந்த ஞாயிறு நான் அடித்தும் அவ எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு எடுத்தா, பெரிதாக ஒன்றும் பேசவில்லை, பஸ் சேற்றில் புதைந்த கதையைச் சொன்னா. அதற்கடுத்த முறை, தம்பி சின்ன வயதில் ஒரு கழுதையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோன கதையைச் சொல்லிவிட்டு, தன்பாட்டில் அழுதா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் உனக்குத் தெரியாமல் செய்ததற்கும் கோபிக்காதே, நீ சொல்லித்தான் நான் எடுக்கிறேன் என்று அவ நினைக்கக்கூடாது என்பதற்காக, உனக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மாவையும் கேட்டிருந்தேன்.

போன கிழமை அம்மா உன்னோடு கதைத்துவிட்டு வந்து, இந்த வீடியோவுக்குப் பிறகு உன்னை என்ன செய்வது என்று ஊர்ச் சனம் பொதுமண்டபத்தில் கூடி எடுத்த முடிவைச் சொன்னா. லோரீன் உனக்காக எழும்பிப் பேசினா, நீ அங்கேயே இருக்கலாம், அவர்கள் பூட்டிவைத்த அச்சடிக்கிற அறையின் திறப்பும் உன்னுடைய கைக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு வருடத்துக்கு நீ ஒரு படமும் எடுக்கக்கூடாது, ஊர்ச் சனம் எடுக்கிறதைத்தான் ஒட்டிக்கொடுக்க வேண்டும் என்று. நீ மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டாயாம், அது நியாயமான முடிவு என்று அம்மாவுக்குச் சொன்னாயாம். பத்து வயதில் அந்த பிளாஸ்டிக் கமராவை நான்தான் உனக்கு வாங்கித் தந்தேன், கழுத்தில் மாட்டிக்கொண்டே நித்திரை கொள்வாய். நான் எடுத்த படத்துக்கு உன்னுடைய கமராவைக் கீழே வைக்கப் பண்ணிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்பது உன்னுடைய தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவது மாதிரி இருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

அதைக் கேள்விப்பட்ட பிறகு நேற்று ஞாயிறு நான் லோரீனுக்குப் போன் எடுக்கவில்லை. என்ன முகத்தோடு எடுப்பது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவவே எடுத்தா. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டா. வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். "வெக்கத்தை உங்கட வீட்டில வைச்சிருங்கோ, எனக்கு அது தேவையில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வரவேணும்" என்று சொல்லிவிட்டு, இந்தமுறை அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டா.

அதுதான் இன்றைக்கு விடிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இனிமேல் சனிக்கிழமைகளில் நான் உனக்குப் போன் எடுப்பேன். கதைக்க மனமில்லையென்றால் எடுக்காமல் விடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், அடுத்த சனியும் எடுப்பேன். ட்ரக்குக்குப் பனி ரயரை இந்தக் கிழமையே போட்டுவிடு, அந்தச் செம்மண் தெரு உறைந்தால் கண்ணாடி மாதிரி வழுக்குமென்று லோரீன் சொல்கிறா. அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சல் போடுகிறா, கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லு. நீ நிற்கிற மண்ணும் உன்னை நம்பி வீட்டுக்குள் விட்ட சனமும் நல்லாக இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் அந்த நல்லூர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா
க. தியாகலிங்கம்